யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பேர்

சரோஜம் சத்தம் போட்டால் நெய்யாறு அணையில் தண்ணீர் ஓரடி பின்வாங்கும் என்று குன்னத்துகாலில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். அணை இருப்பது கள்ளிக்காட்டுப் பக்கம், இங்கிருந்து நல்ல தூரம். அரையடி என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரான தொண்டை அது. அமரவிளையில் நின்று அவள் "டிக்கெட்" என்றால், பாறசாலையில் சும்மா டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பான்.

அந்தத் தொண்டைக்கும் ஒரு சோதனை வந்தது. வீட்டில் ஒரு பூனை இருந்தது; அதைக் கூப்பிட ஒரு பேர் இல்லை.

பூனை வந்தது தமிழ்நாட்டிலிருந்து. களியக்காவிளைச் சந்தையில் ஒரு ஏத்தன் வாழைக்குலை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள் சரோஜம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் குலையைச் சுற்றியிருந்த வாழைச்சருகு 'மியா' என்றது. பிரித்துப் பார்த்தால் கருப்பும் வெள்ளையும் செம்மண்ணும் குழைத்துத் தெளித்ததுபோல ஒரு பெண்குட்டி, கைக்குட்டை அளவில்.

"திரும்பக் கொண்டு விடணுமா சேச்சி?" என்றான் ஆட்டோக்காரன்.

"எதுக்கு? டிக்கெட் எடுக்காம ஏறின ஆளை நான் பாதி வழியில எறக்கினது இல்ல, கேட்டியா?"

சுத்தப் பொய். அவள் பாதி வழியில் இறக்கிவிட்டவர்களை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினால் வரிசை களியக்காவிளைக்கே போய்ச் சேரும். ஆனால் அன்றைக்கு அவள் மனசு அப்படி. கணவர் பொன்னையன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவள் சத்தத்தைக் கேட்க ஆளில்லாமல் போயிருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே அவள் மெல்லப் பேச ஆரம்பித்திருந்தாள். அது அவளுக்கே பயமாக இருந்தது. பூனை வந்த மறுநாள் காலையில், "எலே, பால் சட்டியில இருந்து தலையை எடு!" என்று ஒரு சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தெருக்காரர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கண்டக்டர் பழையபடி ஆகிவிட்டார்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் அவளை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் ஆளெல்லாம் ஏறினதும் டிரைவரைப் பார்த்து "போட்டே!" என்பாள். மலையாளத்தில் 'போகட்டும்' என்று அர்த்தம். இந்தப் பக்கத்து வண்டிகள் அந்தச் சொல்லுக்குத்தான் நகரும். ரிட்டயரான பிறகும் எந்தக் காரியம் முடிந்தாலும் அது வாயில் வந்துவிடும். தேங்காய் துருவி முடித்தால் போட்டே. துணி காயவைத்து முடித்தால் போட்டே. சர்ச்சில் எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு பின்வரிசையிலிருந்து மெல்ல ஒரு 'போட்டே' வரும். அதைக் கேட்டால்தான் ஜெபம் பரலோகத்துக்குக் கிளம்பிவிட்டது என்று போதகருக்கே நிச்சயம் வரும் என்பார்கள். மத்தியானம் சாளை மீன் தலைகளைப் பூனையின் தட்டில் வைத்துவிட்டும் அதையேதான் சொல்வாள்.

வில்லங்கம் அடுத்த வீட்டில் இருந்தது. பேர் யோசுவா. சரோஜத்தின் சர்வீஸில் பாதிக்காலம் அவள் வண்டிக்கு அவன்தான் டிரைவர். நான் மிதிக்காவிட்டால் வண்டி எப்படிப் போகும் என்பது அவன் வாதம். நான் சொல்லாவிட்டால் நீ எப்படி மிதிப்பாய் என்பது அவள் வாதம். இந்த வழக்கு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பல லட்சம் கிலோமீட்டர் ஓடியும் தீர்ப்பு ஆகவில்லை. ரிட்டயரான கையோடு யோசுவா வீடு கட்டியது, உலகத்தில் இத்தனை இடம் இருக்க, அவள் மதிலுக்கு அந்தப் பக்கம்.

அவன் மனைவி ஜெம்மா பொழியூர்க் கடற்கரைக்காரி. அண்ணன்மார் கடலில் பிடித்த மீனில் நல்லது எதுவோ அது முதலில் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் சந்தைக்குப் போகும். அந்த வீட்டில் மீன் பொரித்தால் தமிழ்நாட்டுப் போலீஸ்கூட எல்லையில் மூக்கை உயர்த்தும். பூனை விடுமா? ஒருநாள் மதில் ஏறியது. அடுத்த வாரமே அங்கே அதற்கு ஒரு தட்டு இருந்தது.

"அக்கா, நம்ம பூச்சை இன்னைக்கு ரெண்டு அயலை தின்னுது," என்றான் யோசுவா, மதிலுக்கு மேல் தலையை மட்டும் வைத்து.

"நம்ம பூச்சையா? எனக்க பூச்சைன்னு சொல்லு."

"உங்களுக்க பூச்சைன்னா அதுக்க பேர் என்னவாக்கும்?"

சரோஜம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படி நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நாங்க பேர் இட்டாச்சு," என்றான் அவன். "யோமா. யோசுவாவுக்க யோ, ஜெம்மாவுக்க மா."

"அது பூச்சைக்க பேரா, ஓமியோ மருந்துக்க பேரா?"

சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். ஆனால் தோற்றுப்போய் வந்ததாகத்தான் இருந்தது. பேர் வைத்தவனுக்குத்தானே உரிமை. கூப்பிடப் பேர் இல்லாத பூனையை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அன்றைக்கே முடிவு பண்ணினாள். இதற்கு ஒரு பேர் இட்டே தீருவது. அதுவும் எப்படிப்பட்ட பேர்? வாசலில் நின்று கூப்பிட்டால் இந்தப் பூனை ஒன்றுதான் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறு யாரும் திரும்பக்கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எல்லைக் கிராமங்களில் பேர் இடுகிற விதம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் புரியும். இங்கே அப்பன் பேரில் ஒரு துண்டு, அம்மை பேரில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் பிள்ளைக்குப் பேர் ரெடி. ஷிபுவுக்கும் ஜின்சிக்கும் பிறந்தவன் ஷிஜின். அவன் தம்பி பிறந்தால் அதே துண்டுகளைத் திருப்பிப் போட்டு ஒட்டுவார்கள். இப்படி ரெண்டு தலைமுறையாக வெட்டி ஒட்டியதில், வாயில் நுழைகிற எந்த ரெண்டெழுத்தும் மூன்றெழுத்தும் பஞ்சாயத்தில் பாக்கி இல்லை. எதைச் சொன்னாலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தலை நிமிரும்.

சரோஜம் முதல் நாள் வாசலில் நின்று "ஜினூ!" என்றாள். பூனை கால் நக்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் ஜினு பைக்கில் வந்து இறங்கினான். "என்ன சேச்சி, ஃபியூஸ் போச்சா?"

மறுநாள் "ஜின்சி!" என்றாள். மூன்று ஜின்சிகள் வந்தார்கள். ஒருத்தி தையல் கடையிலிருந்து கழுத்தில் டேப்போடு வந்தாள். மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. "டெல்னா!" என்றதற்கு மூன்றாம் வீட்டுக் கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சேச்சி, பிள்ளை பெண்ணாப் பிறந்தா அந்தப் பேருன்னு ராத்திரிதான் நாங்க ரெண்டு பேரும் பேசினோம். உங்களுக்கு ஆரு சொன்னது?" இன்னும் பிறக்காத ஆள்கூட இந்த ஊரில் பேரைப் பிடித்து வைத்திருக்கிறது!

"விட்டுருங்க அக்கா," என்றது மதில் மேல் தலை. "யோமா கொள்ளாம், நல்ல பேராக்கும்."

"எலே, நான் பேர் இட்டுட்டுத்தான் ஓய்வேன். நீ போய் உனக்க சோலியைப் பாரு."

ஒட்டுப்போட்ட பேர் எதுவும் உதவாது என்று தெரிந்ததும் வேதபுத்தகத்தை எடுத்தாள். ஆதியாகமத்திலிருந்து தொடங்கினாள். சாராள், ரெபேக்காள், லேயாள், எல்லாம் சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர்கள். ரூத் பக்கத்து ரேஷன் கடை. எஸ்தர் ரெண்டு பேர், அதில் ஒருத்தி அவளுக்கே நாத்தனார். மத்தியானச் சோற்றையும் மறந்து புரட்டிக்கொண்டே போனவள் ராஜாக்கள் புத்தகத்தில் ஒரு பேரைப் பார்த்துத் துள்ளி எழுந்தாள்.

யெசபேல்!

ஆகாப் ராஜாவின் பெண்டாட்டி. கடைசியில் ஜன்னல் வழியாகத் தள்ளிவிடப்பட்டு, நாய்களால் தின்னப்பட்ட கெட்ட ராணி. எந்தக் கிறிஸ்தவனும் மகளுக்கு வைக்கமாட்டான். சுற்றியுள்ள மூன்று பஞ்சாயத்திலும் ஒரு தலையும் திரும்பாது. பூனைக்கு ராணி நடையும் உண்டு. ஒழுக்கமும் ஏறக்குறைய அப்படித்தான்.

வாசலுக்கு ஓடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அணைத் தண்ணீர் பின்வாங்கும்படி கூப்பிட்டாள்: "ஏ யெசபேலே! இஞ்ச வா!"

அந்த நேரம் பார்த்து, ஒரு தட்டில் வாழையிலை மூடி, நெத்தோலி பொரித்தது கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தாள் ஜெம்மா.

அவள் தட்டைக் கீழே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்படியே திரும்பி, தட்டோடு, தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"மக்கா ஜெம்மா! உன்னையில்ல! பூச்சையையாக்கும்!" என்று கத்தினாள் சரோஜம்.

பூச்சை எங்கே என்று ஜெம்மா சுற்றிப் பார்த்தாள். பூச்சை அவள் வீட்டு வாசலில் படுத்திருந்தது.

அன்று சாயந்திரம் மதிலுக்கு மேல் வந்த தலையில் சிரிப்பு இல்லை. "அக்கா, இத்தனை வருஷமா நமக்குள்ள ஆயிரம் சண்டை. ஆனா எனக்க வீட்டுக்காரியை இதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொன்னது இல்ல. இது சரியில்ல. சனிக்கிழமை மிருகாஸ்பத்திரியில பேய்நாய்க்கடி ஊசி கேம்பு உண்டு. பூச்சையை நான் கொண்டுபோவேன். எனக்க பேர்ல, யோமான்னு எழுதி ஊசி போட்டுட்டு வருவேன். அதுக்குப் பிறகு மதில்ல வலை அடிக்கப்போறேன். பூச்சை இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்."

"நானும் வாறேன், பாப்போம்," என்றாள் சரோஜம்.

சொன்னாளே தவிர, அன்றைக்கு வீட்டுக்குள் போனபோது விளக்கைப் போட மறந்துவிட்டாள். தட்டில் சாளைத் தலை காய்ந்து கிடந்தது. "இரு, இரு, சனிக்கிழமை வரட்டும்," என்று தனக்குத்தானே சொன்னாள். அந்தப் பழைய மெல்லிய குரல் திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டாள். வேதபுத்தகத்தை மறுபடியும் எடுத்தாள். வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் ஒரு பேர் விடவில்லை.

சனிக்கிழமை மிருகாஸ்பத்திரி வாசலில் கேரளத்தில் உள்ள நாய்கள் எல்லாம் வந்திருந்தன. குறைந்தது பாதியாவது. சாலையில் இடமில்லை. யோசுவா பூனையைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து, தலை மட்டும் தெரிய, குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஜெம்மா டிபன்பாக்ஸோடு. சரோஜம் நேராகப் போய் அவன் தோளோடு தோள் நின்றாள்.

டாக்டர் அபினா இளம்பெண். கையில் ஊசி, முகத்தில் களைப்பு. "பூச்சையுடெ பேரெந்தா?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"யோமா," என்றான் யோசுவா.

"பேர் ஆலோசனையில உண்டு," என்றாள் சரோஜம். "ஆனா பூச்சை எனக்குள்ளதாக்கும்."

டாக்டர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு அல்சேஷன் 'லொள்' என்று ஒரு வார்த்தை சொன்னது. துவர்த்து காலியாகிவிட்டது. பூனை யோசுவாவின் தலையில் ஒரு கால், டாக்டரின் மேஜையில் ஒரு கால் வைத்து, ஆஸ்பத்திரி முற்றத்து அயனி மரத்தில் ஏறி, ஆகாயத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது.

"நல்லதாப் போச்சு," என்றாள் டாக்டர், தமிழுக்கு மாறி. "யார் கூப்பிட்டு எறங்குதோ, அவங்க பூச்சை. சீக்கிரம் கூப்பிடுங்க, எனக்கு இன்னும் நாப்பது நாய் இருக்கு."

யோசுவா மரத்தடியில் போய் நின்று, தேன் ஒழுகும் குரலில், "யோமா, மக்கா, வாடீ," என்றான். ஜெம்மா டிபன்பாக்ஸைத் திறந்தாள். பொரித்த நெய்மீன். வரிசையில் நின்ற நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன. பூனை மூக்கை மட்டும் கீழே நீட்டியது; பிறகு நாய்களைப் பார்த்தது; ஒரு கிளை மேலே போனது.

"இனி நீங்க," என்றாள் டாக்டர்.

சரோஜம் கூப்பிட்டாள். தெரிந்த பேரெல்லாம் கூப்பிட்டாள். ஜினு என்றாள், நாயோடு நின்ற ஜினு கையைத் தூக்கினான். தீபு என்றாள், ரெண்டு தீபுகள் "என்ன?" என்றார்கள். சிபின் என்றதற்கு ஒரு பொமரேனியன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. யெசபேல் என்று மட்டும் சொல்லவில்லை. ஜெம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை இன்னும் ஒரு கிளை மேலே போனது. இனி ஒரு கிளை போனால் கர்த்தரின் பாதம்தான்.

"முடிஞ்சுதா அக்கா?" என்றான் யோசுவா.

"முடியல. நில்லு."

அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு பஸ் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் நாய்களும் ஆட்களும் ஆட்டோக்களும். ஹாரனுக்கு நாய்கள் குரைக்க, குரைப்புக்கு டிரைவர் ஹாரன் அடிக்க, நடுவில் ஒரு பேரையும் யோசிக்க முடியவில்லை. சரோஜத்துக்குப் பொறுக்கவில்லை. சாலைக்குப் பாய்ந்தாள். ஆட்களை இடது கையால் ஒதுக்கினாள், நாய்களைப் பார்வையால் ஒதுக்கினாள். இடம் கிடைத்ததும் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, தொண்டையைத் திறந்தாள்:

"போட்டே! போட்டே!"

பஸ் போனது. பூனை வந்தது.

எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அயனி மரத்துக்கும் சரோஜத்தின் காலடிக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது என்று ஜினு சத்தியம் செய்கிறான். நாப்பது நாயையும் அது மதிக்கவில்லை. அவள் காலடியில் நின்று, தரையை மோந்து, வலது பக்கம் தேடி, இடது பக்கம் தேடி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, கோபமாக 'மியா' என்றது.

"ஹாரன் சத்தத்துல பயந்து சாடினதாக்கும்!" என்றான் யோசுவா.

சரோஜம் குனிந்தாள். பூனை தரையில் எதைத் தேடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தேடுகிறது! சாளைத் தலையைத் தேடுகிறது! அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. பாறசாலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

"எலே யோசுவா," என்றாள். "நீ இத்தனை வருஷம் அந்த வார்த்தையைக் கேட்டு வண்டியை எடுத்தவன். உனக்கு அது மலையாளம். ஆனா இது களியக்காவிளைப் பூச்சையாக்கும். அது பிறந்த ஊர்ல போட்டேன்னா என்ன அர்த்தம்? மீன் போட்டேன்! தெனமும் மத்தியானம் தட்டுல வச்சுட்டு அதைத்தானே நான் சொன்னேன்! அதுக்கு நான் பேர் இட்டு எத்தனையோ நாள் ஆச்சு, எனக்குத்தான் தெரியல!"

"சும்மா ஒப்பேத்தாதீங்க."

"ஒப்பேத்துறேனா? இந்தா, பிடி."

பூனையைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்தாள். துவர்த்தை நன்றாகச் சுற்றச் சொன்னாள். சாலையைக் கடந்து, எதிரே பூட்டிக் கிடந்த கடை வாசலில் போய் நின்றாள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் அவள் கத்தவில்லை. ஆளில்லாத வீட்டில் தனியாகப் பேசுகிற அந்த மெல்லிய குரலில், பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள்.

"போட்டே."

ரெண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது. பூனை துவர்த்தைக் கிழித்துக்கொண்டு சாலையைக் கடந்தது. யோசுவாவின் வலது கால், அவனைக் கேட்காமலே, தரையை ஓங்கி மிதித்தது. செருப்பின் வார் அறுந்தது.

கேம்பு முழுக்கச் சிரித்தது. நாய்கள்கூட.

"நியாயம்னா ரெண்டு பக்கமும் வேணும்," என்றாள் டாக்டர் அபினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணன், நீங்களும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடலாம்."

"சொல்லுங்க," என்று ஜெம்மா அவனை இடித்தாள். கையில் நெய்மீனும் தயார்.

யோசுவா தொண்டையைச் செருமினான். "போ..." என்றான். நின்றான். மறுபடியும் "போ..." என்றான். காது சிவந்தது. கடைசியில் தலையை ஆட்டினான். "முடியாது. அது கண்டக்டருக்க வார்த்தையாக்கும். டிரைவர் அதைச் சொல்லப்பிடாது. சர்வீஸ்ல ஒருநாள்கூட நான் சொன்னது இல்ல."

சரோஜம் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். அவனைத் தாண்டி நடந்தாள். ஜெம்மாவிடம்தான் போனாள். "மக்கா, அந்தப் பேர் பூச்சைக்குத்தான். கர்த்தர் அறிய உன்னையில்ல."

"அது எனக்கும் தெரியும்," என்றாள் ஜெம்மா. "ஆனா கூப்பிட்டப்ப நான்தானே திரும்பிப் பார்த்தேன்? அதுதான் எரிச்சல்." சொல்லிவிட்டு நெய்மீனை நீட்டினாள். பூனை அதைத் தின்றுகொண்டிருந்தபோதே டாக்டர் ஊசியைப் போட்டு முடித்துவிட்டாள்.

மதிலில் வலை அடிக்கவில்லை. பூனை மத்தியானம் இந்தப் பக்கமும் சாயந்திரம் அந்தப் பக்கமும் தின்று, இப்போது ஒரு சின்னப் பசுமாடு அளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் இருட்டினதும் சரோஜம் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும், எங்கே இருந்தாலும் வந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. பஸ் ஸ்டாப் அவள் வாசலுக்கு நேர் எதிரே. நேற்றுச் சாயந்திரம் யோசுவா நெய்யாற்றின்கரைக்குப் போக, பையோடு, பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தான். அந்த நொடி சரோஜம் வாசலுக்கு வந்து, பூனையைத்தான், வாய்நிறையக் கூப்பிட்டாள்.

பஸ் போய்விட்டது. பூனை வந்துவிட்டது. யோசுவா சாலை நடுவில் பையோடு நின்றான்.

"கண்டக்டரே!" என்று கத்தினான். "ஒரு சிங்கிள் பெல்லாவது அடிச்சு வண்டியை நிறுத்தியிருக்கப்பிடாதா?"

"சிங்கிள் பெல்லா?" என்றாள் சரோஜம், பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே. "அது அடுத்த பூச்சைக்க பேராக்கும்."